கண்காட்சி அரங்கில் மாதிரி ரயில் தடுமாறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் மாதக்கணக்கில் பிசகின்றி ஓடிய மாதிரி ரயில், கண்காட்சி அரங்கில் பூட்டி முடித்த அரை மணி நேரத்துக்குள் தடம் புரள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ரயிலும் அதேதான், தண்டவாளமும் அதேதான். ஆனால் இடையில் தண்டவாளத்தைத் தாங்கும் பலகைகள் பிரிக்கப்பட்டன, வேனில் குலுங்கின, வேறொரு தரையில் வேறொரு வெப்பநிலையில் மறுபடியும் பூட்டப்பட்டன. எனவே அரங்கில் பிழை தோன்றினால் உடனே என்ஜினைக் கழற்றாமல், வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிறகு எது மாறியது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். லேஅவுட்டை, அதாவது பலகைகளும் தண்டவாளமும் காட்சியமைப்பும் சேர்ந்த முழு அமைப்பை, அண்மையில் புதுப்பித்திருந்தால் அந்தக் கேள்வி இரட்டிப்பாகிறது: பயணத்தில் எது மாறியது, புதுப்பித்தபோது எது மாறியது?

இங்கே நான் எழுதுவது பிரிட்டனில் பெரும்பாலானோர் கட்டும் ஓஓ வகை லேஅவுட்டுகளுக்கானது. அதாவது உண்மை ரயிலின் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற அளவுகோலும் 16.5 மி.மீ. தண்டவாள இடைவெளியும் கொண்டு, நான்கடிக்கு இரண்டடி அளவிலான பலகைகளாகப் பிரித்துப் பூட்டப்படுபவை. எச்ஓ, என் என்ற சிறிய அளவுகோல் வகைகளைக் கட்டுவோருக்கு அளவுகள் மாறும். தேடும் முறை மாறாது.

எந்த அறிகுறியானாலும் முதலில்: இடமா, வண்டியா?

ஒரே வண்டி பல இடங்களில் தடுமாறினால் பிழை வண்டியில் இருக்கிறது. பல வண்டிகள் ஒரே இடத்தில் தடுமாறினால் பிழை தண்டவாளத்தில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வண்டி ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தடுமாறினால், இரண்டுமே எல்லைக்கோட்டில் நிற்கின்றன என்று பொருள். இந்த மூன்றாவது வகைதான் அதிக நேரத்தை விழுங்கும், ஏனெனில் எதைத் திருத்தினாலும் சற்று நேரம் சரியானதுபோல் தோன்றிவிட்டு மீண்டும் வரும்.

இதைப் பிரித்தறிய நினைவை நம்பக் கூடாது. வண்ண ஸ்டிக்கர் தாள் ஒன்றை எப்போதும் கருவிப் பெட்டியில் வைத்திருங்கள். ஒரு வண்டி தடம் புரண்டால், அந்த இடத்துக்கு நேராக, பார்வையாளர் கண்ணில் படாத பின்புற விளிம்பில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, அதன்மேல் வண்டியின் எண்ணையும் போன திசையையும் எழுதுங்கள். மின்சாரத் தடுமாற்றத்துக்கு நீலம். உச்சிப்பொழுதுக்குள் ஸ்டிக்கர்கள் ஓரிடத்தில் குவிந்திருக்கும், அல்லது ஒரே எண் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். அதன் பிறகு ஊகத்துக்கு வேலையில்லை. எங்கள் குழுவில் மூன்று பேர் மூன்று காரணங்களைச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்த ஒரு பிழையை இந்தத் தாள்தான் தீர்த்து வைத்தது.

அறிகுறி: பலகைகள் சேருமிடத்தில் தடம் புரள்கிறது

அரங்கில் நேரும் தடம்புரளல்களில் எனக்கு மிகப் பழகியது இதுதான். இதைத் தரையிலிருந்து மேல்நோக்கித் தேட வேண்டும்.

பள்ளிக்கூட அரங்கானாலும் விளையாட்டுக் கூடமானாலும் தரை மட்டமாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். கால்களின் அடியில் திருகி உயர்த்தும் பாதங்கள் இருந்தால், நடுப் பலகையில் தொடங்கி இரு பக்கமும் நகர்ந்து, ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் மட்டும் பார்த்துவிட்டுக் குறுக்குவாக்கை மறப்பவர்கள் பலர். ஒரு பலகை சற்றே முறுக்கிக்கொண்டு நின்றால், இணைப்பின் முன்பக்கத் தண்டவாளம் சரியாகவும் பின்பக்கத் தண்டவாளம் படி வைத்ததுபோலவும் இருக்கும்.

அடுத்து, இணைப்புப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். பலகைகளை ஒரே கோட்டில் நிறுத்துவது போல்ட்டின் வேலையன்று. அது முளைகளின் வேலை. ஒரு பலகையில் பித்தளை முளையும் மறுபலகையில் அதற்கான குழியும் துல்லியமாக உட்கார்ந்த பிறகு, விலகாமல் இழுத்துப் பிடிப்பதற்கே போல்ட். முளை முழுதாக உட்காரும் முன் போல்ட்டை முறுக்கிவிட்டால், போல்ட் துளையில் உள்ள தளர்ச்சி அளவுக்குப் பலகை விலகி நிற்கும். தளர்த்தி, பலகைகளைக் கையால் அழுத்தி உட்கார வைத்து, இரு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். அதற்கு முன் இரு முகப்புகளுக்கும் இடையில் ஒரு துணியை ஓட்டித் துடையுங்கள். அங்கே சிக்கிய ஒரே ஒரு ஜல்லித் துகள் இணைப்பு முழுவதையும் திறந்து வைத்துவிடும்.

இப்போது விரல் நகத்தைத் தண்டவாளத்தின் மேற்புறத்தில் வைத்து இணைப்பைத் தாண்டி இழுங்கள். பிறகு உட்புற விளிம்பில் வைத்து இழுங்கள். இரு திசைகளிலும் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத படியை நகம் கண்டுபிடிக்கும். இரு தண்டவாள முனைகளுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் வெற்றிடம் இருந்தாலும் சக்கரம் தாண்டிவிடுகிறது என்பது என் அனுபவம். ஆனால் அரை மில்லிமீட்டர் பக்கவாட்டு விலகல் இருந்தாலே சக்கர விளிம்பு தண்டவாள முனையில் ஏறிவிடுகிறது.

கடந்த ஆண்டு ஒரு கண்காட்சியில் எங்கள் இரண்டாம், மூன்றாம் பலகைகளின் இணைப்பில் இடமிருந்து வலமாகப் போகும் வண்டிகள் மட்டும் புரண்டன. வலமிருந்து இடமாகப் போனவை ஒன்றுகூடப் புரளவில்லை. முளைகள் சரி, மட்டம் சரி. பலகையின் உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி, கைவிளக்கைத் தண்டவாளத்துக்கு இணையாகப் பிடித்துப் பார்த்தபோது, மூன்றாம் பலகையின் கடைசி ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) தன் முன் விளிம்பில் ஒரு தாளின் கனத்துக்கு மேலே எழும்பியிருந்தது. அதன் கீழே, பிளைவுட்டிலிருந்து உரிந்து வந்த மெல்லிய மரநார் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. வேனில் கட்டிய பட்டை அந்தத் தண்டவாள முனையில் பட்டு இழுத்திருக்கிறது. ஒரு பக்கமிருந்து வரும் சக்கரம் அந்தப் படியில் இறங்கிப் போயிற்று. மறுபக்கமிருந்து வந்த சக்கரமோ அதில் முட்டியது. அரங்கிலேயே அந்த ஸ்லீப்பரின் அடியில் மெல்லிய பசை விட்டு, ஒரு கனமான குறட்டை மேலே வைத்து, சாப்பாட்டு இடைவேளை முழுவதும் அழுத்தி வைத்தோம். மாலை வரை தாங்கியது.

அது தற்காலிகத் தீர்வுதான். நிலையான தீர்வுக்கு, ஒவ்வொரு இணைப்பிலும் கடைசி இரண்டு மூன்று ஸ்லீப்பர்களை பிளாஸ்டிக்கில் விடாமல், செம்புப் பூச்சுள்ள மின்சுற்றுப் பலகைத் துண்டுகளால் அமைத்து, அவற்றைப் பிளைவுட்டில் எப்பாக்ஸி பசையால் ஒட்டி, திருகாணியும் போட்டு, தண்டவாளத்தை அவற்றோடு சால்டர் செய்ய வேண்டும். செம்புப் பூச்சின் நடுவில் அரத்தால் ஒரு கோடு கிழித்து இரு தண்டவாளங்களையும் மின்சாரத்தில் பிரிக்க மறந்தால், பின்னால் சொல்லப்போகும் ஷார்ட் சர்க்யூட் அறிகுறி வந்து நிற்கும். சால்டர் செய்வது பலகைகள் பூட்டப்பட்ட நிலையில் இருக்கட்டும். தண்டவாளத்தை இணைப்பின் குறுக்கே முழுதாகப் போட்டுச் சால்டர் செய்து முடித்து, அதன் பிறகே மெல்லிய அறுப்பு வட்டால் வெட்டினால் இரு முனைகளும் பிறவியிலேயே நேராக அமையும்.

வெட்டும்போது வெப்பத்துக்கும் இடம் விடுங்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு பாகை செல்சியஸுக்கு ஒரு மீட்டரில் சுமார் 0.016 மி.மீ. நீள்கிறது. நான்கடிப் பலகை ஒன்றில் 20 பாகை வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 0.4 மி.மீ. ஆகும். குளிர்காலத்தில் கார் கொட்டகையில் முனையோடு முனை முட்டும்படி வெட்டியவர், கோடைக்கால அரங்கில் தண்டவாளம் வில்லாக வளைவதைக் காண்பார். மரமும் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். பிளைவுட் வெறும் மரத்தைவிடக் குறைவாக அசையும் என்பதால்தான் பலகைகளுக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறோம், அதன் வெட்டு விளிம்புகளுக்கும் வார்னிஷ் பூசுகிறோம்.

அறிகுறி: பாயிண்டில் மட்டும் புரள்கிறது

பாயிண்ட் என்பது ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம்; அதில் இப்பக்கமும் அப்பக்கமும் நகரும் கூரிய தண்டவாளமே நாக்கு. நாக்கு நோக்கிப் போகும்போது புரள்கிறதா, எதிர்த்திசையில் வரும்போது புரள்கிறதா என்று பாருங்கள். நாக்கை நோக்கிப் போகும்போதுதான் என்றால், நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தோடு முழுதாக ஒட்டவில்லை. ஒரு ஜல்லித் துகள், உலர்ந்த பசைத் துளி, ஒரு நீண்ட தலைமுடி ஆகியவற்றைப் பல்குத்தும் குச்சியால் தேடி எடுங்கள். இரும்பு ஊசி தண்டவாளத்தைக் கீறும், மின்சாரம் ஓடும்போது ஷார்ட்டும் ஆக்கும்.

ஃபிராக்கில், அதாவது பாயிண்டில் இரு தடங்களின் தண்டவாளங்கள் குறுக்கிட்டுக் கூராகச் சேருமிடத்தில், புரண்டால் சக்கரங்களின் உட்புற இடைவெளியை அளக்க வேண்டும். ஓஓ வகையில் ஓர் அச்சின் இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையில் 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருப்பது இன்றைய தண்டவாளங்களுக்குப் பொருந்தும். அதைவிடக் குறைந்தால் சக்கரம், அதை ஃபிராக்கின் அருகே வழிநடத்தும் காவல் தண்டவாளத்தில் நெரிபட்டு மேலேறும். மிகுந்தால் ஃபிராக்கின் மூக்கில் முட்டும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பித்தளை அளவுக் கட்டை ஒன்று கருவிப் பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். சக்கரத்தைச் சரிசெய்யும்போது ஒரு பக்கம் மட்டும் இழுக்காமல், அச்சின் நடுவிலிருந்து இரு சக்கரங்களும் சம தொலைவில் இருக்குமாறு முறுக்கி நகர்த்துங்கள்.

ஓஓ கட்டுவோருக்கு மட்டும் இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு என்று புதியவர்கள் கேட்பதுண்டு. உண்மைத் தண்டவாளத்தின் நான்கடி எட்டரை அங்குல இடைவெளி 4 மி.மீ. அளவுகோலில் 18.83 மி.மீ. ஆக வேண்டும். பிரிட்டிஷ் ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிடக் குறுகலானவை. ஓஓ வகை தோன்றிய காலத்து மோட்டார்களை எச்ஓ அளவிலான பிரிட்டிஷ் என்ஜினுக்குள் அடைக்க முடியாமல், உடலை மட்டும் 4 மி.மீ. அளவுகோலுக்குப் பெருக்கித் தண்டவாளத்தை எச்ஓ-வின் 16.5 மி.மீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். அந்தச் சமரசத்தை ஏற்காதவர்கள் 18.2 மி.மீ. இடைவெளியிலும் 18.83 மி.மீ. இடைவெளியிலும் கட்டுகிறார்கள். ஓஓ-வில் நின்றவர்களுக்கோ ஒவ்வொரு காலத்தின் சக்கரமும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. பழைய வண்டிகளின் ஆழமான சக்கர விளிம்புகள், 1.9 மி.மீ. உயரமுள்ள இன்றைய மெல்லிய தண்டவாளத்தில் ஸ்லீப்பரின் பிடிப்புகள்மேல் உரசி ஓசை எழுப்பும். லேஅவுட்டைப் புதுப்பித்து 2.54 மி.மீ. உயரத் தண்டவாளத்திலிருந்து மெல்லியதற்கு மாறியவர்கள், பழைய வண்டிகளின் சக்கரங்களை மாற்றும் செலவையும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: என்ஜின் தயங்குகிறது, விட்டுவிட்டு ஓடுகிறது

அரங்கில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அழுக்கு. ஆயிரம் பேர் நடக்கும் தரைவிரிப்பின் தூசியும் நூலும் தண்டவாளத்தில் படிகின்றன; சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் எழும் நுண்ணிய பொறிகளால் கரிய படலமும் சேர்கிறது. பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். கரகரப்பான அழிப்பானை மாதாமாதம் தேய்ப்பவர்கள் தண்டவாளத்தில் கீறல்களை உண்டாக்கி, அழுக்கு உட்கார இடம் செய்து கொடுக்கிறார்கள். அது துருவேறிய பழைய தண்டவாளத்தை ஒருமுறை மீட்பதற்கு மட்டுமே. என்ஜின் சக்கரங்களைத் துடைக்க, நனைத்த துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, என்ஜினின் ஒரு முனையின் சக்கரங்களைத் துணியின்மேலும் மறுமுனையின் சக்கரங்களைத் தண்டவாளத்தின்மேலும் நிறுத்தி ஓட விடுங்கள். துணியில் விழும் கருங்கோடுகள் நின்றபின் திருப்பி வையுங்கள்.

துடைத்தும் தயங்கினால், இடத்தைப் பாருங்கள். பாயிண்டின் ஃபிராக்கில் மட்டும் குட்டி என்ஜின்கள் நின்றால், அந்த உலோக ஃபிராக்குக்கு மின்சாரம் நாக்கின் தொடுகையால் மட்டுமே வருகிறது என்று பொருள். ஜல்லிக்கு வண்ணம் தெளித்த நாளில் அந்தத் தொடுகை போய்விட்டது. பாயிண்ட் மோட்டாரோடு இணைந்த சுவிட்ச் வழியாக ஃபிராக்குக்குத் தனி வயர் கொடுப்பதே தீர்வு.

லேஅவுட்டின் ஒரு கோடியில் எல்லா ரயில்களும் மெதுவாகப் போனால் வயரின் கனம் போதவில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து எட்டு மீட்டர் தொலைவு என்றால், போகவும் வரவும் பதினாறு மீட்டர் செம்பு. 0.22 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள மெல்லிய வயரில் ஓர் ஆம்பியர் ஓடும்போது சுமார் 1.25 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும், 2.5 சதுர மி.மீ. வயரில் அது 0.11 வோல்ட் மட்டுமே. ஆகவே பலகைகளின் கீழே தடித்த வயர் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் ஒரு குட்டை மெல்லிய வயர் அதில் வந்து சேர வேண்டும். இரு தண்டவாள முனைகளைச் சேர்க்கும் ஃபிஷ்பிளேட் என்ற உலோகத் துண்டு தண்டவாளங்களை நேராகப் பிடிப்பதற்கு உரியது. அதை மின்சாரப் பாதையாக நம்பிய லேஅவுட் இரண்டு மூன்று பயணங்களுக்குமேல் தாங்காது.

வேன் பயணத்துக்குப் பின் ஒரு பலகை முழுவதும் செத்துக் கிடந்தால், பலகைகளுக்கு இடையிலான இணைப்பியைத் திறந்து பாருங்கள். வயர் பெரும்பாலும் சால்டரின் விளிம்பிலேயே முறியும். உறை அதை மூடியிருப்பதால் வெளியே தெரியாது. மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். இணைப்பிக்கு அருகிலேயே வயரைப் பலகையோடு கிளிப் போட்டுப் பிடித்தால் சால்டர்மேல் இழுவிசை விழாது.

அறிகுறி: எல்லாம் ஒரேயடியாக நின்றுவிடுகிறது

ஷார்ட் சர்க்யூட். முதலில் கண்ணால் பாருங்கள்: தண்டவாளத்தின்மேல் மறந்து வைத்த திருப்புளி, புரண்டு கிடக்கும் வண்டி, எதிராகத் திருப்பிய பாயிண்டுக்குள் பாதி நுழைந்த என்ஜின். எதுவும் இல்லையென்றால் எல்லா என்ஜின்களையும் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டு, பலகைகளின் இணைப்பிகளைக் கடைசிப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மின்சாரம் திரும்புகிறதோ, அந்த இணைப்பிக்கு அப்பால் உள்ள பலகையில் பிழை இருக்கிறது. அந்தப் பலகையில் காப்பு வெட்டு (மின்சாரத்தைப் பிரிக்கத் தண்டவாளத்தில் விடும் இடைவெளி) விட்ட இடங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மேலே சொன்ன வெப்ப நீட்சியால் தண்டவாளம் நகர்ந்து வெட்டை மூடியிருக்கலாம். வெட்டில் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டி, தண்டவாள வடிவுக்கு அராவி வைத்தால் அது மீண்டும் மூடாது.

பழைய நேர்மின்சார லேஅவுட்டை டிசிசி-க்கு, அதாவது தண்டவாளம் வழியாக ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறைக்கு, மாற்றியவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். வானொலி இரைச்சலைத் தடுக்கத் தண்டவாள இணைப்பில் பொருத்தப்பட்ட சிறு கெப்பாசிட்டர்களைத் தேடி எடுத்துவிடுங்கள். அவை டிஜிட்டல் சமிக்ஞையைச் சிதைத்து, காரணம் தெரியாத தடுமாற்றங்களைத் தரும். மாற்றி முடித்ததும் நாணயச் சோதனை செய்யாமல் கண்காட்சிக்குப் போகாதீர்கள்: லேஅவுட்டின் ஒவ்வொரு பகுதியிலும், குறிப்பாகத் தொலைகோடியில், இரு தண்டவாளங்களையும் இணைக்குமாறு ஒரு நாணயத்தை வையுங்கள். கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் வயரின் மின்தடை அதிகம். 5 ஆம்பியர் கருவி 15 வோல்ட்டில் 75 வாட் வரை ஓரிடத்தில் கொட்ட முடியும். நாம் கையில் பிடிக்கும் சால்டரிங் அயர்ன் பல அதைவிடக் குறைந்த வாட் கொண்டவை. என்ஜினின் பிளாஸ்டிக் உடல் உருகிப்போக அது போதும்.

230 வோல்ட் பகுதியில் பிழை என்றால் அரங்கில் திறக்கவே கூடாது. மாற்றுக் கருவியைப் பூட்டுங்கள். இல்லையென்றால் லேஅவுட்டை நிறுத்திவிட்டு அமைப்பாளரிடம் சொல்லுங்கள். சுருளில் சுற்றிய நீட்டிப்பு வயரை முழுதாக அவிழ்த்துப் போட்டே பயன்படுத்துங்கள். சுருளிலேயே விட்டால் சூடேறும்.

அறிகுறி: பாயிண்ட் மோட்டார் முக்குகிறது, நாக்கு நகரவில்லை

சுருள்வகை மோட்டார் என்றால் கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேமித்து ஒரே தட்டில் பாய்ச்சும் கருவி பழுதின்றி இருக்கிறதா என்று பாருங்கள்; பொத்தான் ஒட்டிக்கொண்டு சுருளில் தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் சுருள் கருகும், அந்தக் கருவி இருந்தால் கருகாது. மெதுவாக நகரும் வகை என்றால் நாக்கின் நடுவில் உள்ள சுருள்வில்லை எடுத்தீர்களா என்று பாருங்கள். அது இருக்கும்வரை மோட்டார் அதோடு மல்லுக்கட்டும். ஜல்லி ஒட்டிய பசை நாக்கை இணைக்கும் குறுக்குப் பட்டையின் கீழே இறங்கியிருந்தால், துளித்துளியாக ஆல்கஹால் விட்டு இளக்கிப் பிரிக்கலாம்.

அறிகுறி: ஓடும்போதே ரயில் இரண்டாகப் பிரிகிறது

வண்டிகளைக் கோக்கும் கொக்கியான கப்ளிங்கின் உயரத்தை அளவியில் வைத்துப் பாருங்கள். தொடரின் எந்த வண்டிக்குப் பின்னால் பிரிகிறதோ, அந்த வண்டியையும் அடுத்ததையும் சேர்த்தே அளக்க வேண்டும். ஏற்றத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பிரிந்தால் தண்டவாளத்தின் சரிவு திடீரென்று மாறுகிறது. அதை அரங்கில் சரிசெய்ய முடியாது, அந்த வண்டிகளைத் தொடரின் கடைசிக்கு மாற்றி இழுவையைக் குறைக்கலாம். வளைவில் வண்டி முனைகளில் உள்ள மோதுதாங்கிகளான பஃபர்கள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு புரண்டால் கப்ளிங் மிகக் குட்டையானது.

அறிகுறி: புதுப்பித்த பகுதி ஒட்டுப்போட்டதுபோல் தெரிகிறது

இது ஓட்டத்தின் பிழையன்று. ஆனாலும் கண்காட்சி என்பது பிறர் வந்து பார்ப்பதற்கானது என்பதால் இதையும் பிழையாகவே கருதுகிறேன்.

முதற்காரணம் விளக்கு. வீட்டு மஞ்சள் விளக்கின்கீழ்ப் பழைய புல்லும் புதிய புல்லும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கும். அரங்கின் வெள்ளொளியில் பழையது வெளிறிப் பழுப்பாகவும் புதியது பச்சைப்பசேலென்றும் பிரிந்து நிற்கும். லேஅவுட்டுக்கென்று நீங்கள் எடுத்துச் செல்லும் விளக்கின்கீழ் வைத்தே நிறத்தைக் கலக்கப் பழகுங்கள். இரண்டாவது காரணம் எல்லைக்கோடு. புதிய புல்லைப் பழையதன் விளிம்பில் கோடு கிழித்தாற்போல நிறுத்தாமல், பழைய பகுதிக்குள் ஒரு சாண் அளவுக்குத் திட்டுத்திட்டாகக் கலந்து, அதே நேரம் பழைய பகுதியின் நிறத்தைப் புதிய பகுதியிலும் சில இடங்களில் தெளித்துவிட வேண்டும். 1910-இல் தொடங்கப்பட்ட லண்டனின் த மாடல் ரயில்வே கிளப், அந்நகரின் கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் வடபகுதியைக் காட்டும் தன் கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ் லேஅவுட்டை 1983 முதல் பல பத்தாண்டுகளாகக் கட்டி வளர்த்து வருகிறது. பல கைகளும் பல காலங்களும் தொட்ட வேலை ஒரே காட்சியாகத் தெரிய முடியும் என்பதை அங்கே நெருங்கி நின்று கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணம் காலம். இதைப் பார்வையாளர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள், அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 1950-களைக் காட்டிய ஒரு நிலையத்தை 1970-களுக்கு மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நீராவி என்ஜின்களை எடுத்துவிட்டு நீல நிற டீசல்களை வைத்தால் வேலை முடிந்துவிடாது. 1948 ஜனவரி 1 அன்று நாட்டுடைமையான பிரிட்டிஷ் ரயில்வே, தன் மண்டலங்களுக்கு ஏற்ப நிலையப் பெயர்ப்பலகைகளுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்தது. தென்மண்டலத்துக்குப் பச்சை, மேற்குமண்டலத்துக்குப் பழுப்பு. 1965-இல் இரட்டை அம்புச் சின்னமும், வெள்ளையில் கறுப்பு எழுத்துள்ள ஒரே மாதிரிப் பலகையும் வந்தன. பழைய பலகைகள் எல்லா நிலையங்களிலும் ஒரே நாளில் இறங்கவில்லை என்பதால், ஒரு மூலையில் பழையது ஒன்று மிஞ்சியிருப்பது அழகு. நடைமேடை முழுவதும் பழையதாகவே இருப்பது பிழை. நிலையத்துக்கு வெளியே நிற்கும் கார்களின் எண்பலகைகள் 1973-க்குப் பின் புதிதாக வந்த வண்டிகளில் முன்னே வெள்ளையும் பின்னே மஞ்சளுமாக மாறின. அதற்கு முந்தைய கார்களில் கறுப்புப் பலகைகள் தொடரலாம். கடை வாசலில் எழுதிய விலைகள், பிரிட்டன் தசம நாணய முறைக்கு மாறிய 1971 பிப்ரவரி 15-க்குப் பின் ஷில்லிங்கில் இருக்கக் கூடாது. நீராவிப் போக்குவரத்து 1968 ஆகஸ்டில் முடிந்தபின், என்ஜினுக்கு நீர் ஊற்றும் தூண்கள் சில காலம் துருப்பிடித்து நின்றிருக்கும். அவற்றை அகற்றாமல், தோல்குழாயை மட்டும் எடுத்துவிட்டுத் துருநிறம் பூசினால், காலம் மாறியதை அந்த ஒரு தூணே சொல்லிவிடும். இவ்வகை வேலையில் எனக்கு உள்ள பற்று ஓட்டத்தைச் சரிசெய்வதில் உள்ளதைவிடக் குறைவன்று.

அறிகுறி: முதல் நாள் நன்றாக ஓடியது, இரண்டாம் நாள் காலை ஓடவில்லை

இரவில் அரங்கின் வெப்பம் நிறுத்தப்பட்டுக் குளிர்ந்திருக்கும். இணைப்புகளில் வெற்றிடம் விரிந்திருக்கும், என்ஜினின் எண்ணெய் இறுகியிருக்கும், தண்டவாளத்தில் இரவுத் தூசி படிந்திருக்கும். கதவு திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வாருங்கள். தண்டவாளத்தைத் துடைத்து, போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்து, நம்பிக்கையான ஓர் என்ஜினைத் தனியாக, வண்டிகள் எதுவும் இல்லாமல், எல்லாத் தடங்களிலும் மெதுவாக ஓட்டுங்கள். அது நிற்கும் இடத்தில் எதையும் கழற்றாமல், முதல் நாள் ஸ்டிக்கர்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டும் ஒரே இடமாக இருந்தால், நேற்றே தொடங்கிய பிழை இன்று குளிரில் வெளிப்பட்டிருக்கிறது.

கண்காட்சி முடிந்து பிரிக்கும்போது ஸ்டிக்கர்களைக் கிழிக்காதீர்கள். பலகைகளை இரண்டிரண்டாக முகத்தோடு முகம் வைத்து, முனைப்பலகைகளால் பூட்டி, பட்டை எதுவும் தண்டவாள முனையில் படாமல் வேனில் ஏற்றுங்கள். வீட்டில் மீண்டும் பூட்டி, ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் உரிய பிழையைத் திருத்தி, அதில் எழுதியிருக்கும் அதே வண்டியை அதே திசையில் பத்து முறை ஓட்டிப் பார்த்த பிறகு அந்த ஒன்றை மட்டும் உரித்தெடுங்கள்.